மாப்பிள்ளை படித்த எஞ்சின்

பாம்பன் கரையில் அன்று காலை மீன் ஏலத்தைவிடச் சிரிப்புச் சத்தம்தான் அதிகம். வாவு முகம்மதுவின் புத்தம் புது எஞ்சின் படகை, கூத்தையாவின் பழைய பாய்மர வள்ளம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

“மொதலாளி, ஒங்க எஞ்சின் என் பாய்க்குப் பின்னால வருது, பாத்துக்கங்க!” என்று கூத்தையா தண்ணீரிலிருந்தே கூவினார்.

வாவு முகம்மதுவுக்கு முகம் செத்துப்போயிற்று. 1960-களின் தொடக்கத்தில் அந்தக் கரையில் முதன்முதலாக எஞ்சின் வாங்கியவர் அவர். தன் படகோட்டி தனுஷ்கோடி கரையில் இறங்கியதும் அவன்மேல் பாய்ந்தார்.

“ஏலே, எஞ்சினை என்னலே பண்ணுன?”

“ஓடிக்கிட்டே இருந்துச்சு, நின்னுபோச்சு மொதலாளி. எங்கன தொடணும், எங்கன தொடக்கூடாதுன்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

உண்மைதான். தூத்துக்குடியில் எஞ்சின் பயிற்சி நடந்தபோது தனுஷ்கோடி போகிறேன் என்று கெஞ்சினான். படித்துவிட்டு வேறு படகுக்கு ஓடிவிடுவான் என்று பயந்த முதலாளி, தன் மருமகன் அகமது கபீரை அனுப்பினார். மருமகன் நன்றாகத்தான் படித்தார். சான்றிதழ் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆனால் படகு ஆடினால் அவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். கடலுக்குள் போகவே மாட்டார். இந்த லட்சணத்தில், படிப்பு வீட்டோடு இருக்கிறது என்று முதலாளிக்குப் பெருமை வேறு!

பகல் சாப்பாட்டில், மருமகன் கைகழுவப் போன நேரம் பார்த்து முதலாளியிடம் அவர் மனைவி சாலிஹா கேட்டுவிட்டாள். “எஞ்சினு கடல்ல கெடக்கு, அதைப் படிச்சவரு கரையில இருக்காரு. நாளைக்குக் காத்து மாறி அடிச்சா, படகுல போனவங்க உசுருக்கு யாருங்க பதில் சொல்றது?”

மறுநாளே அவர் தனுஷ்கோடியைக் கூப்பிட்டார். “தூத்துக்குடிக்கு நீ போ. திரும்பி வாற வரைக்கும் ஒம் பங்கு ஒன் வீட்டுக்கு வந்துரும்.”

அவன் படித்துத் திரும்பிய சில வாரங்களில் ஒரு நாள் காற்று திடீரென்று சீறியது. பாய் கிழிந்த கூத்தையாவின் வள்ளம் நீரோட்டத்தில் பாறைகளை நோக்கி இழுபட்டது. அதைப் பிடிக்கத் தனுஷ்கோடி ஓட்டிப்போன எஞ்சின் படகும் பாதியில் நின்றது. கரை முழுக்க நெஞ்சில் கைவைத்து நின்றார்கள். அவன் பதறவில்லை. டீசல் குழாயில் காற்று புகுந்திருப்பதைக் கண்டுகொண்டான். திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, எஞ்சினை மறுபடி சுழற்றினான். எஞ்சின் உறுமியது!

வள்ளத்தை இழுத்துக்கொண்டு படகு வந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள்.

“இன்னைக்கு என் பாய் ஒங்க எஞ்சினுக்குப் பின்னால வருது மொதலாளி!” கூத்தையா அழுதுகொண்டே சிரித்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்!” வாவு முகம்மது தனுஷ்கோடியை ஈரத்தோடு கட்டிக்கொண்டார். பிறகு படகின் மற்ற ஆட்களைப் பார்த்தார். “அடுத்த வகுப்புக்கு யாருலே போறீங்க? வருசா வருசம் ஒருத்தன் போகணும். எஞ்சினுக்குப் போட்ட பணம் மட்டுந்தான் முதல்னு நெனச்சேன். அதை ஓட்டுறவன் படிப்புக்குப் போடுறதும் முதல்தான். படிப்பைச் சுவத்துல மாட்டி வச்சா, அது ஒரு உசுரையும் கரை சேக்காது.”