ஹெல்சிங்கி விருந்தில் என் கொழுந்தன்

மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானில், வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்த நாள் முதல் தூதர் பதவிக்காகத் தவம் கிடந்தார் என் கணவர் எக்கார்ட். அதற்காக நான் எத்தனை அசட்டுச் சீமாட்டிகளின் தொப்பிகளைப் புகழ்ந்திருப்பேன்!

அமைச்சகத்தில் அப்போது ஒரு விதி. கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாது. அந்த இல்லாத நாட்டின் அதிகாரி எதிரே வந்தால் கைகொடுக்கக் கூடாது, பேசக் கூடாது. விருந்தில் அவர்கள் கொடி தெரிந்தால், தின்றுகொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு வெளியேற வேண்டும். வளர்ந்த ஆண்கள் இதைக் கூச்சமே இல்லாமல் செய்தார்கள்.

அறுபத்து நான்கில் ஹெல்சிங்கியில் இருந்தோம். தூதர் பதவி கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து ஃபின்லாந்துக்காரர்கள் கொடுத்த விருந்துக்கு, கிழக்கின் வணிகக் குழுவோடு வந்து நின்றான் ஃபோல்க்மார். எக்கார்ட்டின் கூடப்பிறந்த தம்பி.

நேரே எங்களிடம் வந்தான்.

"அண்ணா, அம்மாவுக்கு ரொம்ப முடியலை. இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் கைவிரிச்சுட்டார். உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீ எல்லை தாண்டி எங்க பக்கம் லைப்சிக் வர்றதுக்கு அனுமதி வாங்கிட்டேன். வாயேன்."

எக்கார்ட் சுவரில் மாட்டியிருந்த ஏரிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். எக்கார்ட் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினார். முகம் சிவக்கத் திரும்பிப் போனான் ஃபோல்க்மார். அந்த வெள்ளிக்கிழமை மாமியார் இறந்துபோனார்.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். மறுமாதம் எங்களைப் பானுக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்தவர் பணியாளர் பிரிவுத் தலைவர் ட்ராய்ட்லர். போருக்கு முன்னால் அவர் யாருக்கெல்லாம் கையை உயர்த்தி வணக்கம் வைத்தார் என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

"பதில் சொல்லலை, சரி. ஆனா கடைசி வரைக்கும் நின்னு கேட்டிருக்கீங்களே? உடனே வெளிய போயிருக்க வேணாமா?" என்றாராம்.

பதவி வேறொருவருக்குப் போனது.

விடுதி அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து எக்கார்ட் விம்மி விம்மி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் கோபமெல்லாம் கரைந்துபோய், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன்.

"முட்டாள்தனம் பண்ணிட்டேன்," என்றார்.

"இப்பவாவது தோணுச்சே. வாங்க, லைப்சிக் போகலாம். கல்லறையிலாவது ஒரு பூ வச்சுட்டு வரலாம்."

"கல்லறையா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "அவன் வாயைத் திறந்ததுமே நான் வெளிய போயிருக்கணும்."

கையை எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த மனிதரை நான் தொட்டதில்லை.