நல்ல முதலாளியைக் கண்டுபிடிக்க ஏழு வழிகள் (இரண்டோடு நின்றுபோனது)

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "வீட்ல இருந்தே வேல குடுக்கற நல்ல கம்பெனிய எப்படிக் கண்டுபிடிக்கறது? ஏழு வழி போட்டு ஒரு கட்டுரை குடுங்க. எட்டு வேண்டாம், பக்கம் பத்தாது" என்றார். என் வாய் சும்மா இருக்குமா, சரி என்றுவிட்டேன்.

வழி ஒன்று: நிறுவனத்தின் இணையதளத்தை நிதானமாகப் படியுங்கள். அங்கே படத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் உண்மையிலேயே அங்கு வேலை செய்கிறவர்களா என்று

வழி இரண்டு: நேர்காணலில் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு மட்டும் இல்லை. நீங்களும் தயங்காமல்

இரண்டும் அப்படியே நிற்கின்றன, அழிக்கவில்லை. எழுதுகிற எனக்கே கொட்டாவி வந்தால் படிக்கிற உங்களை என்ன சொல்வது? யாருக்கு வேலை வேண்டும், ஏன் வீட்டைவிட்டு நகர முடியாது என்றெல்லாம் தெரியாமல் யோசனை சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. சரி, ஒரு ஆளை மனதில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுவோம் என்று பார்த்தேன். உட்கார்ந்தவள் எழுந்து போகவே இல்லை. ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. கத்துவார். கத்தட்டும்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: "ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது." (எதற்கு மழை? அவளுக்கு வேலை இல்லாததற்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? வேண்டாம்.)

இரண்டாவது முயற்சி: "இன்றைய போட்டி நிறைந்த உலகில்" (அடச்சே.)

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். அவளுடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஞாபகம் அவரிடம் நிற்பதில்லை. மகள் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. பஸ் மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை. தனியாக விட்டால், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை மேம்பாலத்துக்குக் கீழே நின்று, போகிற வண்டிகளையெல்லாம் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். தெரிந்த காய்கறிக்காரர் ஒருவர் பார்த்துக் கூட்டிவந்து விட்டார்.

அவள் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியில் புகார் கேட்கிற வேலையில் இருந்தவள். "ஐஸே கட்ட மாட்டேங்குது, நீங்கல்லாம் எதுக்கு கம்பெனி நடத்தறீங்க" என்று போனில் கத்துகிறவர்களிடம் "மன்னிக்கணும் சார்" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜை அவளா செய்தாள்? இருந்தாலும் மன்னிப்பு அவள்தான் கேட்பாள். வெளியூரில் இருக்கும் அண்ணன் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் புகார்ப்பெட்டி. கொஞ்ச காலம் அந்த வேலையை வீட்டிலிருந்தே பார்த்தாள். பிறகு எல்லோரும் ஆபீசுக்குத்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவை என்ன செய்வது? வேலையை விட்டாள்.

அண்ணன் போனில் சொன்னதை அப்படியே தருகிறேன். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். வீட்ல இருந்து பாக்கற வேல கிடைச்சா சரி. இல்லன்னா அப்பாவ அந்த முதியோர் இல்லத்துல சேத்துடலாம். நான் நேர்ல போய்ப் பாத்தேன், சுத்தமாத்தான் வச்சிருக்காங்க."

அவளும் போய்ப் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கதவுகளை வெளிப்பக்கம் பூட்டியிருந்தார்கள். அப்பா அந்தக் கதவுக்கு உள்ளே நின்று, டியூட்டிக்கு நேரமாச்சு என்று தட்டிக்கொண்டே இருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதாள்.

* அண்ணனை முதலில் வில்லனாகத்தான் எழுதியிருந்தேன். எனக்கு வசதி. ஆனால் வீட்டுச் செலவில் பாதியை அனுப்புகிறவன் அவன். கோபக்காரன், கெட்டவன் இல்லை. ஆகவே அடித்துத் திருத்தியாயிற்று.

3

முதல் கம்பெனி பெரிய கம்பெனி. பேர் சொன்னால் நீங்கள் "ஓ!" என்று புருவத்தைத் தூக்குவீர்கள், அதனால் பேர் வைக்கவில்லை. படுக்கையறைச் சுவரோரம் மடிக்கணினியை வைத்து, கொடியில் கிடந்த துணிகள் கேமராவில் தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். நேர்காணல் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார். அந்தக் கட்டங்களைப் பார்த்தார். வரிசையாக ஜன்னல், ஒவ்வொன்றிலும் ஒரு தலை. அவருக்கு வேறென்ன தோன்றும்?

"ஜன்னலோரம் உக்காந்திருக்கறவங்கல்லாம் டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பெண் கன்னத்தில் கைவைத்துச் சிரித்தாள். "அய்யோ, எவ்வளவு ஸ்வீட்டா இருக்கார்! கவலப்படாதீங்க. எங்க கம்பெனியே ஒரு குடும்பம் மாதிரிதான்" என்றாள். புகார்ப்பெட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பித்தோம், அப்பா தப்பித்தார் என்று நினைத்தாள். நன்றி சொல்லி, அவசரத்தில் எதையோ அழுத்திவிட்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க ஓடினாள்.

அவள் அணைத்தது கேமராவையும் மைக்கையும் மட்டும்தான், அழைப்பை இல்லை. திரும்பி வந்தபோது குரல்கள் கேட்டன.

"வீட்ல இருந்து வேலன்னா மொத்த வீட்டையும் கூட்டிட்டு வந்துடறாங்கப்பா" என்றாள் அதே ஸ்வீட் அம்மாள்.

"வேற போக்கிடம் இல்லாத கேசு. சம்பளத்தக் குறைச்சே சொல்லு, வந்துடுவா" என்றது ஓர் ஆண் குரல்.

மறுநாளே வேலைக்கான உத்தரவு வந்தது. குறைத்துத்தான் சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: வேலை நேரம் முழுக்க கேமரா திறந்திருக்க வேண்டும், நாற்காலியை விட்டு எழுந்தால் அது குறித்துக்கொள்ளும். அப்பா செருப்பை மாட்டினால் நான் எழ முடியாதே என்று நினைத்தாள். வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள். அண்ணன் போனிலேயே குதித்தான். "உனக்கென்ன கொழுப்பா? தேடி வந்தத எட்டி ஒதைக்கற!"

"ஒதைக்கலண்ணா. அது வேலையே இல்ல, சங்கிலி."

"அப்ப அப்பா விஷயம் முடிவாயிடுச்சுன்னு வச்சுக்க" என்று வைத்துவிட்டான்.

4

இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதவில்லை. அவளைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டவிட்டுவிட்டு நான் மட்டும் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் வேறு போன் செய்தார், "நாலாவது வழி வந்துட்டீங்களா?" என்று. கிட்டத்தட்ட, என்றேன்.

இரண்டாவது கம்பெனியைச் சின்னதாக வைத்தேன். தண்ணீர் மோட்டார் விற்கிறவர்கள். மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் பேச ஆள் வேண்டும். கம்பெனியை நடத்துகிற அம்மாளும், அங்கே வேலை பார்க்கும் ஓர் இன்ஜினியரும் நேர்காணலுக்கு வந்தார்கள். அம்மாள் தலைகூட வாரவில்லை. இன்ஜினியர் இளைஞன், முகம் வாடியிருந்தது, கேள்விகளைத் தாளைப் பார்த்தே கேட்டான்.

அப்பா வராமல் இருப்பாரா? வந்தார். திரைக்குள் குனிந்து, "நீங்க எங்க இறங்கணும்?" என்று கேட்டார்.

"கடைசி ஸ்டாப்புங்க" என்றார் அந்த அம்மாள், சிரிக்காமல்.

"நேரம் ஆகுமே."

"பரவால்லங்க, உக்காந்து வரேன்."

அப்பா திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

நீங்கள் இப்போது, ஆகா, கிடைத்துவிட்டது நல்ல முதலாளி என்பீர்கள். புகார்ப்பெட்டி அப்படி நினைக்கவில்லை. போன தடவை சிரித்த முகத்தைப் பார்த்துத்தானே ஏமாந்தாள்? முகத்துக்கு நேரே யாரும் நல்லவர்கள்தான். நாம் போனபிறகு என்ன பேசுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது சங்கதி.

5

இங்கே எனக்கு ஒரு சிக்கல். அவள் மறுபடியும் தவறான பொத்தானை அழுத்தினாள் என்று ஒரு வரைவு எழுதினேன். ஒரே ஆளுக்கு ஒரே தவறு இரண்டு தரமா? "காது குத்தறியா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான்.

ஆகவே இந்தத் தடவை அவள் வேண்டுமென்றேதான் செய்தாள். "ரொம்ப நன்றி மேடம், வரேன்" என்று சொல்லி, கேமராவை அணைத்து, மைக்கை அணைத்து, போகாமல் இருந்தாள். அவளை இப்படி எழுத எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவின் செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறவளிடம் போய் நான் என்ன நியாயம் பேச?

* தொழில்நுட்பப் புலிகள் கடிதம் எழுத வேண்டாம். இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது திரையின் மூலையில் தெரியும்தான். அதை யார் பார்க்கிறார்கள்? நீங்கள் பார்த்ததுண்டா?

அவர்கள் அவளைப் பற்றிப் பேசவே இல்லை.

"மேடம், ஒரு விஷயம்" என்றான் இன்ஜினியர். "யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்ல... வயித்துல இருந்த குழந்த தங்கல. முந்தாநாள். அவ சாப்பிடவே மாட்டேங்கறா. அந்தப் புது மோட்டார் வேலைய முடிச்சுக் குடுத்துட்டு ரெண்டு நாள் லீவு எடுத்துக்கட்டுமா?"

அந்த அம்மாள் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இத மனசுல வச்சுக்கிட்டா தம்பி இவ்வளவு நேரம் இங்க உக்காந்திருந்தீங்க? மோட்டார் எங்கயும் ஓடிடாது. கம்ப்யூட்டர மூடிட்டுப் போய் அவங்க பக்கத்துல உக்காருங்க. எத்தன நாள்னு எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு வர்ற போனையெல்லாம் நான் எடுக்கறேன்."

"உங்களுக்கு மோட்டார் ரிப்பேரு..."

"ஒண்ணும் தெரியாது. திட்டு வாங்கிக்கறேன். பின்ன முதலாளின்னு நான் எதுக்கு இருக்கேன்?"

படுக்கையறையில் புகார்ப்பெட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். தேடி அலைந்த ஆள் இதோ எதிரே இருக்கிறார். அந்த ஆளின் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிறாள் இவள்.

6

மூன்று வழி இருந்தது.

அ. சத்தம் போடாமல் இருந்துவிடுவது. அவர்கள் முடித்துக்கொண்டு போவார்கள். யாருக்கும் தெரியாது. வேலை அநேகமாக அவளுக்குத்தான்.

ஆ. நழுவிவிடுவது. ஆனால் வெளியேறினால் 'டிங்' என்று சத்தம் வரும். காட்டிக்கொடுத்துவிடும்.

இ.

சத்தியமாக நான் அ-வைத்தான் எழுதினேன். அப்பா வீட்டிலேயே இருக்கட்டுமே என்ற ஆசைதான். முழுசாக எழுதி முடித்து, அண்ணன் "பரவால்லையே புகார்ப்பெட்டி!" என்று கூப்பிட்டு அழுகிற இடம்வரை வந்துவிட்டேன். படித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. அந்தப் பையனோடு தினமும் பேசப்போகிறவள் அவள். அவன் சொல்லாத ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு, தெரியாத மாதிரி "குட்மார்னிங் சார்" என்று எப்படிச் சொல்வாள்?

கதாபாத்திரம் என்னை மீறித் தானாகவே பேசிவிட்டது என்று சிலர் கதை விடுவார்கள். நான் விடமாட்டேன். நான்தான் கிழித்துப் போட்டேன், நான்தான் அவளைப் பேசவைத்தேன். அவள் கேமராவைப் போட்டாள். மைக்கைப் போட்டாள்.

"மன்னிக்கணும்" என்றாள். எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அதையெல்லாம் யாரோ செய்த ஃபிரிட்ஜுக்காகச் சொன்னாள். இப்போதுதான் முதல்முறையாகத் தனக்காகச் சொல்கிறாள். "நான் இன்னும் போகல, மேடம். கை தவறி இல்ல, வேணும்னேதான் இருந்தேன். என்னப் பத்தி என்ன பேசுவீங்கன்னு கேக்கணும்னு. வேற ஒரு எடத்துல அப்படி ஒண்ணு கேட்டுட்டேன், அந்த பயம். ஆனா இப்ப நான் கேட்டது என்னோடது இல்ல. சார், உங்க வீட்டு விஷயத்த நான் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுடுங்க."

இன்ஜினியர் அவளைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டீங்களே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கோபமா, ஆறுதலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுடைய கட்டம் மறைந்தது. மனைவியிடம் போய்விட்டான்.

இப்போது அவளும் அந்த அம்மாளும் மட்டும்.

7

முடிவை நான் எழுதப்போவதில்லை. சோம்பேறி என்று திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு காரணம் இருக்கிறது. நல்ல முதலாளியைக் கண்டுபிடிக்க ஏழு வழி, எழுபது வழி என்று எழுதிக்கொண்டே இருக்கிறோம். எல்லாம் வேலை தேடுகிறவருக்குத்தான். தேடு, விசாரி, உஷாராக இரு. யாராவது ஒருத்தர் நல்ல முதலாளியாக இருந்தால்தானே ஐயா கண்டுபிடிக்க முடியும்? அப்படி இருங்கள் என்று மட்டும் எந்தக் கட்டுரையும் யாரிடமும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன், உங்களிடம்.

நகர்ந்து வாருங்கள். அந்த அம்மாளின் நாற்காலியில் உட்காருங்கள். வாராத தலை, ஆறிப்போன டீ, இனிமேல் நீங்களே எடுக்கவேண்டிய மோட்டார் போன்கள், எல்லாம் உங்களுடையவை. எதிரே திரையில் ஒரு பெண். ஒட்டுக்கேட்டவள், அதைத் தானே சொன்னவள். இரண்டும் ஒருத்திதான். அவளுக்குப் பின்னால் அவளுடைய அப்பா வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாசக் கடைசி நெருங்கிவிட்டது. நீங்கள் வேண்டாம் என்றால் அது தப்பில்லை, உங்களை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

நீங்கள் மூச்சை இழுத்துவிட்டுப் பேசத் தொடங்குகிறீர்கள். முகத்தில் ஏதோ ஒன்று இளகுகிறது, அது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. உதடு அசைகிறது. அவள் திரையை நோக்கி முன்னால் வருகிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், காதைக் கொடுக்கிறாள்.

"மேடம்" என்கிறாள், "உங்க மைக் ஆஃப்ல இருக்கு. போட்டுட்டுச் சொல்லுங்க."