மணப்பட்டு ஃபைல்

பிரவீணா பாகூரில் அறை எடுத்துத் தங்கியபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. அப்பாவுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை. கடைக்கு மேலேதான் வீடு. விவாகரத்து ஆன பிறகு அந்த வீட்டில் எட்டு மாதம் இருந்தாள். ஆணி வாங்க வருகிறவர்கள்கூட மாடிப்படியை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவதாக அவளுக்குத் தோன்றியது. கடலோரக் கிராமங்களில் தொழில் வளர அரசு பணம் ஒதுக்கிய திட்டம் ஒன்றில் களப்பணியாளர் வேலை கிடைத்ததும், ஒப்பந்த வேலைதான் என்றாலும், அவள் யோசிக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வேலை எளிமையாகச் சொல்லக்கூடியதுதான். ஊர் ஊராகப் போக வேண்டும். அங்கே பெண்கள் என்ன தொழில் செய்கிறார்கள், அதற்கு என்ன குறை என்று கேட்டு எழுத வேண்டும். எழுதியதை ஃபைலாக்கிப் பட்டணத்தில் இருக்கும் திட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பணம் வந்தால் கட்டடமோ இயந்திரமோ வரும்.

மூன்றாவதாக அவள் போன ஊர் மணப்பட்டு. அங்கே பதினான்கு பெண்கள் குழுவாகச் சேர்ந்து கருவாடு போட்டார்கள். மணலில் பழைய வலையை விரித்து மீனைப் பரப்பிவிட்டு, நாய்க்கும் காக்கைக்கும் காவல் இருப்பார்கள். மழை வந்தால் அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அப்படி ஓடியும் பாதி வீணாகும்.

"எங்களுக்கு லோன் வேணாம் மேடம்," என்றாள் குழுத் தலைவி விஜயராணி, முதல் நாளே. "லோன் குடுக்கத்தான் வாராவாரம் எவனாவது பைக்ல வரானே. மழையில நனையாம காய வைக்க இன்னா வழின்னு சொல்லு."

பிரவீணா விசாரித்தாள். வெயில் உள்ளே இறங்கும்படி கண்ணாடி மாதிரித் தகடு வேய்ந்த கூடம் ஒன்று இருக்கிறது, சோலார் டிரையர் என்பார்கள். மழை, மணல், ஈ எதுவும் அண்டாது, இரண்டு நாளில் காய்வது ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று தெரிந்துகொண்டாள். கட்டும் செலவு முழுவதையும் திட்டம் ஏற்கும். இடம் மட்டும் குழு கொடுக்க வேண்டும்.

இடம் கொடுக்க முன்வந்தவள் சின்னபொண்ணு. ஐம்பத்தைந்து வயதுக்காரி, அதிகம் பேசமாட்டாள். கணவர் குழந்தைவேல் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைக் கடலூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். வீட்டுக்குப் பின்னால் அவளுக்குக் கொஞ்சம் மனை இருந்தது. அதில் ஐந்து தென்னை மரங்கள். அவளுடைய மாதச் செலவில் பெரும்பகுதி அந்தக் காயில்தான் ஓடியது.

அளந்து பார்க்க வந்த இன்ஜினியர், நிழல் விழுகிறது, மரங்கள் இருந்தால் டிரையர் வேலை செய்யாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் சின்னபொண்ணு பிரவீணாவை மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"நிச்சயமா வருமா?"

"வரும்மா. மார்ச்சுக்குள்ள பணத்த குடுத்துடணும்னு ஆர்டரே இருக்கு. இப்பவே எடத்த சுத்தம் பண்ணிட்டா வேல சீக்கிரம் ஆரம்பிச்சிடும்."

"உன்ன நம்பித்தான் வெட்றேன்."

"நான் பொறுப்பும்மா," என்றாள் பிரவீணா.

பொங்கல் கழிந்த மறுவாரம் ஐந்து மரமும் சாய்ந்தன. பிரவீணா அன்று போகவில்லை. வேறு ஊரில் கூட்டம் இருந்தது. அடுத்த முறை போனபோது மனை முழுக்க வெயிலாக இருந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டு, கதவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாகூருக்கு வந்த பிறகு அவள் மனசு விட்டுச் சிரித்த நாள் அதுதான்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஃபைல் திரும்பி வந்தது. மனைப் பட்டா இன்னும் இறந்துபோன குழந்தைவேல் பெயரில் இருக்கிறது, வாரிசு சான்றிதழ் இணைக்கவும் என்று ஒரு குறிப்பு. மேலதிகாரி அரிகரன் ஃபைலைக் கையில் கொடுத்துச் சொன்னார்: "சின்ன விஷயம்தான். ஆனா லேட் பண்ணாதீங்க. மார்ச் முடிஞ்சா இந்தப் பணம் நமக்கு இல்ல, திரும்பிப் போயிடும்."

"நாளைக்கே போறேன் சார்."

ஃபைலைத் தோள்பையில் வைத்துக்கொண்டு அறைக்கு வந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது சித்தி மகள் சுவேதாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கண்ணில் பட்டது. அவளுடைய முன்னாள் கணவன் பிரேமுக்குக் கல்யாணம். மாலையும் கழுத்துமாக, அதே சிரிப்போடு நின்றான். பக்கத்தில் நின்ற பெண் இவளைவிடச் சின்னவள். கல்யாணத்துக்குத் தன் வீட்டு ஆட்களே போயிருக்கிறார்கள், தன்னிடம் ஒருவரும் சொல்லவில்லை என்பது அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டு போனை அணைத்தாள். ஜன்னலையும் சாத்தினாள். பசித்தால் பிஸ்கட் தின்றாள். ஒன்பது நாள் அப்படியே போயின. அந்த ஒன்பது நாளில் கதவைத் தட்டியவர், தண்ணீர் மோட்டார் போட்டிருப்பதைச் சொல்ல வந்த வீட்டு உரிமையாளர் ஒருவர்தான்.

பத்தாம் நாள், தோள்பையில் அப்படியே இருந்த ஃபைல் கண்ணில் பட்டது. குளித்து, பஸ் பிடித்து, சின்னபொண்ணுவைக் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் வாரிசு சான்றிதழுக்கு மனு கொடுத்தாள். அதற்கென்று முறை இருந்தது. விசாரணை, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு நோட்டீஸ், அதற்கான நாட்கள். யாரும் வேண்டுமென்று இழுத்தடிக்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஏப்ரலுக்குப் போய்விட்டது. ஒன்பது நாள் முன்னால் கொடுத்திருந்தால் மார்ச் கடைசி வாரத்தில் கையில் இருந்திருக்கும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை.

மார்ச் முப்பத்தொன்றோடு மணப்பட்டுக்கு ஒதுக்கிய பணம் திரும்பிப் போனது. அடுத்த கட்டத்துக்கு அரசு வேறு பகுதியைத் தேர்ந்தெடுத்திருந்தது. களப்பணியாளர்களின் ஒப்பந்தமும் அன்றோடு முடிந்தது.

"ஊருக்கு நான் லெட்டர் போட்டுடறேன்," என்றார் அரிகரன். அவர் நல்ல மனிதர். "நீங்க போய்த் திட்டு வாங்க வேணாம். நிதியாண்டு முடிஞ்சிடுச்சி, அவ்வளவுதான். உங்க மேல இன்னா தப்பு?"

அவள் தலையாட்டினாள். காய்ச்சல் என்றே அவரும் நம்பியிருந்தார். அந்தத் தலையாட்டலோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் காலை மணப்பட்டுக்கு பஸ் ஏறினாள்.

பெண்கள் சின்னபொண்ணுவின் மனையில் இருந்தார்கள். மரம் போன பிறகு வெயில் நன்றாக விழுகிறது என்று வலையை அங்கேயே விரித்து மீன் காய வைத்திருந்தார்கள். பிரவீணா நின்றபடியே சொன்னாள். பணம் வராது. கூடம் வராது.

"நெனச்சேன்," என்றாள் விஜயராணி. "கவர்மென்ட்டு காசுன்னாலே இப்படித்தான்."

"கவர்மென்ட்டு இல்லக்கா. நான்தான்." என்றாள் பிரவீணா. "ஒரு பேப்பர் கேட்டாங்க. உடனே வந்து சின்னபொண்ணும்மாவக் கூட்டிட்டுப் போயிருக்கணும். ஒன்பது நாள் ரூம்லயே படுத்துக் கெடந்தேன்."

"காய்ச்சலா?" என்று கேட்டாள் சின்னபொண்ணு.

"இல்ல."

"பின்ன இன்னா?"

"என்னோட பழைய வூட்டுக்காரருக்கு வேற கல்யாணம் ஆச்சு. அத பாத்துட்டு... எழுந்துக்க முடியல."

ஒருத்தி உச்சுக் கொட்டினாள். விஜயராணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"உனக்கு மனசு சரியில்லன்னா அவ மரம் இன்னா பண்ணும்? அஞ்சு மரம், மேடம். நாளைக்கு அவ எத வித்து அரிசி வாங்குவா? போன்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே ஆபீஸ் ஆபீசா ஏறியிருப்போமே."

ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருக்கிறது என்பதே அந்த ஒன்பது நாளில் பிரவீணாவுக்குத் தோன்றவில்லை. இந்தப் பதினான்கு பேரில் யாருக்காவது போன் செய்திருக்கலாம். அதை இப்போது சொன்னால் சாக்காகத்தான் இருக்கும்.

சின்னபொண்ணு எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் போட்டுச் சாத்தவில்லை. மற்றவர்கள் மீனைப் புரட்டத் தொடங்கினார்கள். பிரவீணா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அப்பா போன் செய்து, கடைக்கு வந்து கல்லாவில் உட்காரேன் என்றார். அவள் போகவில்லை. தவளக்குப்பத்தில் டைல்ஸ் கடை ஒன்றில் பில் போடும் வேலை கிடைத்தது. பகலெல்லாம் வண்டிச் சத்தம், வாடிக்கையாளர்கள். ஏழு மணிக்கு அறைக்குத் திரும்பினால் மறுநாள் காலை வரை அவள் குரல் அவளுக்கே கேட்காது.

ஏப்ரல் முதல் வாரக் கடைசியில் சான்றிதழ் தயார் என்று குறுஞ்செய்தி வந்தது. மனுவில் தன் நம்பரையும் கொடுத்திருந்தாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு சின்னபொண்ணுவை அழைத்தாள்.

"நான் பிரவீணா. சான்றிதழ் வந்துடுச்சி. நீங்க கையெழுத்து போட்டு வாங்கணும்."

"நீ இப்ப எந்த ஆபீசு?"

"எந்த ஆபீசும் இல்லம்மா. டைல்ஸ் கடையில வேல செய்றேன்."

"பின்ன உனக்கு இன்னாத்துக்கு இது?"

"இத வெச்சி வேற துறையில கேட்டுப் பாக்கலாம். மீன்காரங்களுக்குன்னு தனியா ஒரு மானியம் இருக்கு."

"மறுபடியுமா?" என்றாள் சின்னபொண்ணு. வைத்துவிடுவாள் என்று பிரவீணா நினைத்தாள். "எத்தினி மணிக்கு வரணும்?"

ஆளுக்கொரு பஸ்ஸில் வந்தார்கள். தாலுகா அலுவலக பெஞ்சில், நடுவே இன்னொருவர் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். சான்றிதழை வாங்கியதும் பிரவீணா அங்கேயே விண்ணப்பத்தை எழுதினாள். சின்னபொண்ணு எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். "வரும்" என்று மட்டும் இந்தத் தடவை பிரவீணா சொல்லவில்லை. சின்னபொண்ணுவும் கேட்கவில்லை.

அதன்பின் விடுமுறை நாளெல்லாம் அந்த விண்ணப்பத்தின் பின்னால் போயிற்று. வரைபடம் கேட்டார்கள், கொடுத்தாள். குழுவின் தீர்மானம் கேட்டார்கள். விஜயராணி பேப்பரை நீட்டியபோது முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பதினான்கு கையெழுத்தும் இருந்தது. சின்னபொண்ணு அந்த வருஷம் மீன் வெட்டும் கூலி வேலைக்கும் போனாள் என்று பிரவீணா கேள்விப்பட்டாள்.

ஒரு வருஷம் கழித்து மானியம் வந்தது. முதலில் திட்டமிட்டதில் பாதி அளவுக் கூடத்துக்குத்தான் பணம். பிரவீணாவுக்கு அழைப்பு வரவில்லை. திறப்பு விழா நடந்ததை அவள் கடையில் டைல்ஸ் சுற்ற வைத்திருந்த பத்திரிகையில் பார்த்தாள். ரிப்பன், மாலைகள், பெரிய மனிதர்கள். ஓரத்தில் விஜயராணி நின்றாள். சின்னபொண்ணு படத்தில் இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, வேறு தாளில் டைல்ஸைச் சுற்றிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனாள். கூடம் பளபளவென்று நின்றது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. உள்ளே தட்டுத்தட்டாக நெத்திலி. சின்னபொண்ணு முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு தனியாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"செருப்ப வெளிய விடு."

விட்டுவிட்டு வந்தாள். எதிர்த்தட்டில் நின்று அவளும் புரட்டத் தொடங்கினாள். வியர்வை கண்ணில் இறங்கியது.

"ஃபோட்டோவுல உங்களக் காணமே," என்றாள் பிரவீணா.

"மீன் வந்து எறங்கிக் கெடந்திச்சி. நான் எங்க நிக்கறது?" சின்னபொண்ணு அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள். "மரம் போனது போனதுதான். அத நான் மறந்துட்டேன்னு நெனச்சிக்காத."

"நெனைக்கல."

"ம்."

மதியம் வெளியே விஜயராணியின் குரல் கேட்டது. கருவாடு ஏற்ற வேன் வந்திருந்தது. சின்னபொண்ணு கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். வெளியே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. பிரவீணா மீதித் தட்டுகளைத் தனியாகப் புரட்டி முடித்து, குழாயில் கை கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினாள். எல்லோரும் வேனைச் சுற்றி நின்றதால் சொல்லிக்கொள்ள வாய்ப்பில்லை. ரோட்டை நோக்கி நடந்தாள்.

"ஏ பொண்ணே!" பின்னாலிருந்து சின்னபொண்ணு கத்தினாள். கூடை இடுப்பில் இருந்தது. "அடுத்த ஞாயித்துக்கெழம வேல இருக்கா உனக்கு?"

"இல்லம்மா."

"ரெண்டு பேரு கல்யாணத்துக்குப் போறாளுங்க. ஆள் பத்தாது. காலையிலயே வந்துடு, வெயில் ஏறிட்டா உள்ள நிக்க முடியாது."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் வேன் பக்கம் திரும்பிவிட்டாள். பிரவீணா பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றாள். பாகூர் பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அங்கே வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மணப்பட்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று, அடுத்து வந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.