வாசக்காலுக்கு நஷ்டஈடு

கையில் குடை இருந்தும் சீதாலக்ஷ்மி அதை விரிக்கவில்லை. ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொச்சங்காடிச் சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அவளுக்கு இருந்த கோபத்தில் குடை விரிக்கவெல்லாம் ஏது நிதானம்? பின்னால் அவள் புருஷன் வெங்கிடராமன், தன் குடையை அவள் தலைக்கு மேல் எட்டிப் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். முப்பது வருஷமாக அவர் உத்தியோகமே அதுதான். மிளகுக் கம்பெனியில் கிளார்க் வேலை பார்ப்பதெல்லாம் மிச்ச நேரத்துக்கு.

"சீதே, மெதுவாக் கேளு. ராவுத்தர் நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்னா வாசக்காலை நேரத்துக்கு அனுப்பியிருக்கணும். இன்னைக்கு நஷ்டஈடு வாங்காம நான் ஆத்துக்குத் திரும்பமாட்டேன், கேட்டேளா?"

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த நாளிலிருந்து வாடகை வீடு. இப்போதுதான் செர்லாயில் துளி நிலம் வாங்கி, நகையை விற்று, சொந்தமாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தத்தில் தலைவாசலுக்கு வாசக்கால் நாட்டுவதாக ஏற்பாடு. அது நின்றால்தான் சங்கரலிங்கம் மேஸ்திரி அதற்கு மேல் கல் வைப்பார். நின்றுவிட்டால் ஆடியிலும் வேலை ஓடும். ஆவணிக்குள் இரண்டு அறைக்காவது ஓடு போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்றைக்கு சாஸ்திரிகள் வந்தார், பால் வந்தது, பூ வந்தது. வாசக்கால் மட்டும் வரவில்லை. முகூர்த்தம் முடிந்து, சாஸ்திரிகள் எழுந்து போய், பால் திரிந்த பிறகு, இஸ்மாயில் ராவுத்தரின் மரக்கடை வண்டி ஆடி அசைந்து வந்து நின்றது. மறுநாள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வாசக்கால் வைப்பார்களா யாராவது? வேலை அப்படியே நின்றுபோயிற்று.

நின்றது வீட்டு வேலை மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். வாடகை வீட்டுக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு வீடு வேண்டும், ஆவணி பிறந்ததும் காலி பண்ணுங்கள் என்று சொல்லியாயிற்று. அதே ஆவணியில்தான் ஒரே பெண் ஜெயலக்ஷ்மி தலைப்பிரசவத்துக்கு வரவேண்டும். "உங்களுக்கே தங்க இடமில்லையாமே, அவ இங்கேயே இருக்கட்டும்" என்று சம்பந்தியம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து சீதாலக்ஷ்மிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பெண் வலியெடுத்து 'அம்மா' என்று கத்தும்போது அம்மா பக்கத்தில் இல்லாமல் வேறெங்கே இருப்பாள்?

மரக்கடையில் முகமது இஸ்மாயில் ராவுத்தர் இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். இவர்களைப் போல அவரும் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்தான். வீட்டில் பேசுவது தமிழ். அவர் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு எலுமிச்சை ஊறுகாய் சீதாலக்ஷ்மி கையால் போனால்தான் உண்டு.

"வாங்க மாமி. நனைஞ்சுட்டீங்களே. உக்காருங்க, சாயா சொல்றேன்."

"சாயாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஓய் ராவுத்தரே, நீங்க வாக்குத் தவறினேளா இல்லையா?"

"தவறிட்டேன் மாமி."

"எங்காத்து வேலை நின்னது உங்களாலயா இல்லையா?"

"என்னாலதான்."

வழியெல்லாம் அவள் சேர்த்துவைத்திருந்த பேச்சுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மல்லுக்கு வந்த இடத்தில் எதிராளி இல்லை என்றால் என்னதான் செய்வது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சனியன்.

"எனக்குப் பணம் வேண்டாம் ராவுத்தரே. பணத்தை விரிச்சுப் போட்டு அதுமேல பிரசவம் பாக்க முடியுமா? எம்பொண்ணு எங்கிட்ட வரணும். அதுக்கு வழி சொல்லுங்கோ. அதுதான் நஷ்டஈடு."

ராவுத்தர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"கடைக்குப் பின்னால தம்பி கட்டின வீடு பூட்டித்தான் கிடக்கு. அவன் துபாய்லேர்ந்து வர இன்னும் ரெண்டு வருஷம் ஆவும். உங்க வீடு முடியற வரைக்கும் இருங்க. பாப்பா அங்க வரட்டும்."

சீதாலக்ஷ்மி சாவியைப் பார்த்தாள், எடுக்கவில்லை. அவள் எதற்குத் தயங்குகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அந்தச் சமையக்கட்டுல இதுவரைக்கும் அடுப்பே பத்தவைக்கல மாமி. நீங்கதான் முதமுதல்ல பால் காய்ச்சணும்."

சாவியை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்ததும், "பாத்தேளா, கேட்டாத்தான் கிடைக்கும்" என்று புருஷனிடம் பெருமை அடித்துக்கொண்டு, முதல் தடவையாகக் குடையை விரித்தாள்.

ஆவணி பிறந்தது. நல்ல நாள் பார்த்துச் சாமான்களை ஏற்றினார்கள். வண்டிக்காரன் நல்லசிவம், ராவுத்தர் கடைக்கே வண்டி ஓட்டுகிற திருநெல்வேலிக்காரன். கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மாமி, இப்பம் ராகுகாலம் இல்லைல்லா? பாத்துச் சொல்லுங்க. இல்லாட்டி முதலாளி வண்டிய உள்ள விடமாட்டாரு."

"ராவுத்தருக்கு ராகுகாலம் எதுக்குப்பா?"

"நல்லா கேட்டிய! சித்திரையில உத்தரம் கொண்டாந்தப்பம் தெருவுல வச்சு என்னைய வஞ்சது மறந்துட்டா? செவ்வாக்கெழம ராகுகாலத்துல மரத்த எறக்குதியேன்னு வந்த வழியே திருப்பி விட்டிய. அன்னையிலேர்ந்து அவருக்குப் பயம். உங்க வாசக்கால் திங்கக்கெழமயே ரெடி. அன்னைக்கு அஷ்டமி, போவாதன்னாரு. மறுநாள் நவமி, போதாக்கொறைக்குச் செவ்வா. புதங்கெழம பந்த்து, ஒரு வண்டி ஓடல, ஒரு கட தொறக்கல. வியாழக்கெழம விடியமுன்ன ஏத்தியாச்சு. யமகண்டம் முடியட்டும், மாமி மனசு சங்கடப்படும்னு பிடிச்சு நிறுத்திட்டாரு. அப்பொறம் கெளம்புனா பஜார் பூரா லாரி. முந்தின நாள் சரக்கெல்லாம் ரோட்டுல நிக்கி. நான் என்ன பறந்தா வரமுடியும்?"

சீதாலக்ஷ்மி குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். சித்திரை வெயிலில் அவள் போட்ட கூச்சல் அவள் காதிலேயே கேட்டது. பாவி மனுஷன், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையே! 'நீங்க சொன்னதாலதான் மாமி' என்று சொல்லியிருந்தால் அவள் வாய் அன்றைக்கே அடைபட்டிருக்கும். சொல்லாமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த மனுஷன் மேல் வாஞ்சையாகவும் இருந்தது. புருஷனிடம்கூட அதைச் சொல்லவில்லை.

நாலாம் நாள் ஜெயலக்ஷ்மி வந்தாள், வயிறும் தானுமாக. ராவுத்தர் வீட்டிலிருந்து அவளுக்குத் தினமும் இளநீர் வந்தது.

அடுத்த முகூர்த்தம் புதன்கிழமை, மத்தியானத்துக்கு முன்னால். சாஸ்திரிகள் வந்தார், பால் வந்தது, பூ வந்தது. வாசக்கால் இந்தத் தடவை முதல் நாளே வந்து சுவரில் சாய்ந்து நின்றது. ராவுத்தரைத்தான் காணோம். கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கப் பிராட்வே கடைத்தெருவுக்குப் போனவர், எறணாகுளத்திலிருந்து வரும் போட்டில் மாட்டிக்கொண்டுவிட்டார்.

"தூக்கலாமா?" என்றார் சங்கரலிங்கம் மேஸ்திரி.

"ராவுத்தர் வரட்டும்" என்றாள் சீதாலக்ஷ்மி.

கொஞ்ச நேரம் கழித்துச் சாஸ்திரிகள் கேட்டார். அதே பதில். வெங்கிடராமன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேர்த்துப் போனார். "சீதே, முகூர்த்தம் போயிண்டிருக்கு. பன்னெண்டு அடிச்சா ராகுகாலம்."

"தெரியும்."

"உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. பேசாம இருங்கோ."

முகூர்த்தம் போயிற்று. சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல மாமரத்தடியில் போய் உட்கார்ந்தார். எங்கோ சர்ச்சில் பன்னிரண்டு மணி அடித்தது. அதற்கப்புறம்தான் ராவுத்தர், காகிதத்தில் சுற்றின தாழ்ப்பாளை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடிவந்தார். நின்ற வாசக்காலை எதிர்பார்த்து வந்தவர், சாய்ந்திருந்த வாசக்காலைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"அய்யோ மாமி, இன்னும் வைக்கலியா? ராகுகாலம் தொடங்கியாச்சே!"

"தொடங்கட்டும். அந்தப் பக்கம் பிடிங்கோ."

"நானா? வேணாம் மாமி, சொல்றதைக் கேளுங்க. நாளைக்கு வச்சுக்கலாம். அப்புறம் ஏதாவது ஒண்ணுன்னா உங்க மனசு..."

"எம்மனசைப் பாத்துப் பாத்துத்தானே அன்னைக்கு வண்டியைப் பிடிச்சு நிறுத்தினேள்? நல்லசிவம் எல்லாம் சொல்லிட்டான்." அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். "நான் கேட்ட நஷ்டஈட்டை நீங்க குடுத்துட்டேள். இது நான் உங்களுக்குத் தரவேண்டியது. பிடிங்கோ ராவுத்தரே, கை வலிக்கறது."

அவள் ஏற்கெனவே வாசக்காலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். ராவுத்தர் தாழ்ப்பாளை வெங்கிடராமன் கையில் கொடுத்துவிட்டு, மேல்துண்டால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, மறு காலைப் பிடித்தார்.