இரண்டாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

எட்டாம் மாதமும் பிறந்துவிட்டது, பிரசவம் எங்கே என்பது மட்டும் முடிவாகவில்லை. மாமியாரின் ஓட்டு தெருமுனைச் சின்ன ஆஸ்பத்திரிக்கு. "நாலு எட்டு வெச்சா வந்துடும். மூத்தவ அங்கதானே பொறந்தா?" என்பார்.

அங்கே பிறந்ததுதான் மருமகளுக்குப் பிரச்சினையே. மூச்சு சரியில்லை என்று அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி, ஆம்புலன்ஸில் ஏற்றி, ஊரின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூட வீட்டு மனுஷர் ஒருவரும் போகவில்லை. ஆறு நாள் கழித்துத்தான் அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். மகளுக்கு இப்போது நான்கு வயது, வீட்டைத் தலைகீழாக்கும் வாலு. ஆனாலும் அந்த ஆறு நாள் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இந்தக் குழந்தையாவது தனியாகப் போகக் கூடாது.

அதனால் பெரிய ஆஸ்பத்திரி என்றாள். பிரசவமும் குழந்தை வைத்தியமும் அங்கே ஒரே கட்டடம். குறுக்கே நின்றவன் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். விருந்துக்குப் போன இடத்தில்கூட, வீட்டுக்காரரை விசாரிக்கும் முன் லிஃப்ட் கதவைத் தட்டிப் பார்க்கும் ஜென்மம்.

"அந்த லிஃப்ட் சொல்லாம கொள்ளாம நடுவுல நிக்கும். அங்க வேணாம்."

"நான் பிள்ளை பெத்துக்கப் போறேன். லிஃப்ட்ல குடித்தனம் பண்ணப் போறேனா?"

எதற்கும் பார்த்துவிட்டு வரலாமென்று ஒரு சனிக்கிழமை காலை இருவரும் போனார்கள். தலைமை நர்ஸ் இரண்டாம் மாடியில் பிரசவ அறையைக் காட்டினார். சுத்தமாக இருந்தது. கட்டிலுக்கு எதிரே ஜன்னல்.

"குழந்தைக்கு ஏதாவதுன்னா?"

"அஞ்சாவது மாடிக்குக் கொண்டுபோயிடுவோம். லிஃப்ட்ல ஒரு நிமிஷம்தான்."

நடுவில் நிற்கும் அதே லிஃப்ட். திரும்பிப் பார்த்தால் கணவனைக் காணோம். அவள் கைப்பையையும் காணோம். போயும் போயும் இன்றைக்குமா லிஃப்ட்காரனோடு அரட்டை என்று பற்றிக்கொண்டு வந்தது. கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, மனதுக்குள் அவனை வறுத்தெடுத்தாள்.

வந்தவனுக்குச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"படியில ஏறிப் பாத்தேன். அறுபத்தாறு படி. மூணு தடவை ஏறி இறங்கிட்டேன். லிஃப்ட் நின்னாலும் ரெண்டு நிமிஷத்துல மேல போயிடலாம்."

நர்ஸ் சிரித்துவிட்டார். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார். நீங்க பையைத் தூக்கினா போதும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் அவன் பயந்தது எந்த மூன்று மாடிக்காக என்று அப்போதுதான் உறைத்தது.

"மேல கொண்டுபோனா இவர் குழந்தைகூடப் போகலாமா?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"தாராளமா. ஆனா ஒருத்தரைத்தான் உள்ள விடுவோம். இவர் போயிட்டா உங்ககூட ஆள் இருக்காது."

போன முறை அவன் அவளுடைய கட்டிலை விட்டு நகரவில்லை. ஊரே மெச்சியது. ஆம்புலன்ஸில் ஓர் ஆள் போகலாம் என்று அன்றைக்கும் சொல்லத்தான் செய்தார்கள்.

"இங்கயே பதிஞ்சுக்குங்க. என்கூட யாரும் வேணாம். இவர் குழந்தைகூடப் போவார்னு எழுதுங்க," என்றாள்.

நர்ஸ் படிவம் எடுக்க உள்ளே போனார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"போன தடவையே போயிருக்கணும்ல?"

"எப்படிப் போவீங்க? நான்தான் உங்க கையை விடலையே."

நான்கு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

"இப்பவே பழகிக்கறேன்," என்றாள்.