ஓநாயின் மாவுக்கட்டு

நூலகத்து நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பொம்மலாட்டக்காரி படியில் வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாள். முழங்கை வரை மாவுக்கட்டு. அதன்மேல் எந்தக் கைப்பொம்மையும் நுழையவில்லை.

"நிகழ்ச்சிய ரத்து பண்ணிடலாம்க்கா," என்றான் கூட ஆடும் தம்பி.

"கைதானேடா உடைஞ்சது? வாய் நல்லாத்தானே இருக்கு," என்றாள் அவள்.

நிகழ்ச்சி நாளில் திரை விலகியபோது, கதைப் புத்தகத்து ஓநாய் போர்வைக்குள் படுத்திருந்தது. அதன் தலைக்குள் அவளுடைய இடது கை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓநாயின் கால், அவளுடைய மாவுக்கட்டு. விரல்களை ஒரு சாம்பல் நிறக் காலுறைக்குள் மறைத்திருந்தாள்.

தம்பியின் கையில் இருந்த, டிவி கார்ட்டூனில் வரும் கரடிப் பொம்மை, "கால்ல என்னப்பா ஆச்சு?" என்று விசாரித்தது.

"ஆட்டுக்குட்டி வீட்டுக் கூரையில ஏறினேன். ஓடு சறுக்கிடுச்சு," என்று ஓநாய் முனகியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பேனாவும் கையுமாக வரிசையில் வந்து, மாவுக்கட்டின்மேல் பூ வரைந்தார்கள், பெயர் எழுதினார்கள். ஒரு சிறுமி ஓநாயின் காதைப் பிடித்து, "இனிமே யார் வீட்டுக் கூரையிலயாவது ஏறுவியா?" என்று அதட்டினாள்.

"சத்தியமா மாட்டேன் பாப்பா," என்றது ஓநாய்.

மேடைக்குப் பின்னால் குந்தியிருந்தவளிடம் தம்பி கிசுகிசுத்தான்: "கை வலிக்கலையாக்கா? உள்ள இழுத்துக்கோ."

"வலிக்குதுதான். இன்னும் நாலஞ்சு பிள்ளைங்க நிக்கிறாங்க பாரு. சும்மா இரு."