அரை டேங்க் ஆசாமி

ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்து கொடுத்த சர்வேயருக்கு, தன் வீட்டுக்காரி எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்பது மட்டும் ரொம்ப நாள் உறைக்கவில்லை. உறைத்தபோது மனிதர் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மூக்கின்மேல் துரு உதிர்ந்துகொண்டிருந்தது.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். துணிக்கூரை, நீண்ட முகப்பு, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு. கல்யாணமான புதிதில் அவர் மனைவி அதில் ஏறி உட்கார்ந்து, "மூணாவதா யாரும் ஏற முடியாது, நல்லதாப் போச்சு" என்றாள்.

அப்படிப்பட்ட காரின் டேங்க்கை அவர் ஒருநாளும் நிரப்பியதில்லை. பாரம் குறைந்தால்தான் வண்டி பறக்கும் என்று விற்றவன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அரை டேங்க், அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது. சாயங்காலம் இருவரும் கிளம்புவார்கள். கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போனால், ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய மேடு வரும். அந்த மேட்டடிக்கு வரும்போது சரியாகப் பெட்ரோல் அளவு காட்டும் முள் கீழே சாய ஆரம்பிக்கும்.

"அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமே" என்பாள்.

"முள்ளைப் பாரு" என்பார் சர்வேயர். வண்டி திரும்பும்.

எத்தனை வருஷம் அப்படித் திரும்பினார்களோ, யார் கண்டது. பிறகு அவள் அக்கா மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ள ரயிலேறிப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அக்கா எழுந்து நடந்து, கடைக்குப் போய், பக்கத்து வீட்டாரோடு சண்டை போடும் அளவுக்குத் தேறியும் இவள் வரவில்லை. அங்கே ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டதற்கு, "அந்த வண்டியில வந்து கூட்டிட்டுப் போங்க, வர்றேன்" என்றாள்.

போனார். போகாமல் இல்லை. மேட்டடிக்கு வந்ததும் கார் இருமி இருமி நின்றுவிட்டது. பெட்ரோல் வரும் குழாயெல்லாம் துரு. இதயம் உள்ள எவனும் காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போயிருப்பான். இவர் லாரி பிடித்து, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னபோது அவள் திட்டவில்லை. "சரி" என்றாள். அந்த ஒரு சொல் அவரைத் தூங்கவிடவில்லை.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். கடைக்காரம்மாவுக்கு வயதாகிவிட்டது, கடையை எடுத்து நடத்துகிறாயா என்று கேட்கிறார்கள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள வந்தா வாங்க. இல்லன்னா நான் கடைய எடுத்துக்கறேன்." போனை வைத்துவிட்டாள்.

சர்வேயருக்குக் கைகால் ஓடவில்லை. அவள் தம்பியிடம்தான் ஓடினார். தம்பி லாரிகளுக்கு வயரிங் செய்கிற எலெக்ட்ரீஷியன். அக்கா போனதிலிருந்து மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசாதவன். இருந்தாலும், பழைய டேங்க்கின் அளவுக்குத் தகர வேலைக்காரரிடம் புதுசாக ஒன்று செய்து வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலை வந்து நின்றான்.

அடியில் இருந்த திருகைக் கழற்றிப் பெட்ரோலை வடித்தார்கள். காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. பேட்டரியைக் கழற்றி ஓரம் வைத்தார்கள். டேங்க்கைத் தாங்கியிருந்த இரண்டு பட்டைகளின் போல்ட்டுகள் இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சி, கடைசியில் ரம்பத்தால் அறுத்துத்தான் டேங்க்கை இறக்க முடிந்தது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே கூழாங்கல் உருள்கிற சத்தம்.

முள்ளுக்குக் கணக்குச் சொல்லும் மிதவையை உருவிவிட்டு, அந்த ஓட்டைக்குள் தம்பி டார்ச் அடித்தான். "வந்து பாருங்க மாமா."

சர்வேயர் குனிந்து பார்த்தார். உள்சுவரில் பாதி உயரத்தில் ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே தகரம் இன்னும் பளபளவென்று இருந்தது. மேலே பூராவும் செதில் செதிலாகத் துரு.

"பெட்ரோல் பட்ட இடம் நல்லாத்தான் இருக்கு. காலியா விட்ட இடம்தான் அரிச்சுப்போச்சு. உதிர்ந்து உதிர்ந்து அடியில போய் அடைச்சிருக்கு."

"நிரப்பியிருந்தா?"

"துருப் பிடிச்சிருக்காது. அக்காவும் போயிருக்காது." தம்பி டார்ச்சை அணைத்தான். "எங்கக்கா உங்ககிட்ட என்ன கேட்டுச்சு மாமா? நகையா, நட்டா? அந்த மேட்டைத் தாண்டணும்னுச்சு."

சர்வேயர் புது டேங்க்குக்கும் பட்டைக்கும் நடுவே வைக்க வேண்டிய கம்பளித் துண்டுகளைப் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் கத்தரிக்கோல்தான். அவள் விட்டுவிட்டுப் போனது.

புது டேங்க்கை ஏற்றி, குழாயை ஊதிச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றினார்கள். மிதவைக்கு வயர் கொடுக்கிற வேலையைத் தம்பி தனியாகவே பார்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் பங்க்குக்குப் போனார்கள். "ஃபுல்" என்றார் சர்வேயர். கழுத்துவரை நிரம்பியது. ஆனால் முள் மட்டும் அடியிலேயே படுத்துக் கிடந்தது.

"ஏன்டா ஏறல?"

"புது டேங்க் மாமா. ஓட ஓட ஏறும். கிளம்புங்க." தம்பி பங்க்கிலேயே இறங்கிக்கொண்டான்.

ஓடியது. ஏறவில்லை. சர்வேயர் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். புது டேங்க் ஒழுகுகிறதோ? மேட்டடியில் நிறுத்தி, இறங்கிக் குனிந்து பார்த்தார். தரை காய்ந்துதான் இருந்தது. முள்ளையே நம்பிப் பழகிய மனசு தரையை நம்புமா? கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பப் போனது. அந்த இடத்தில் அந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாது.

பக்கத்து சீட் காலியாக இருந்தது. "சரி" என்று அவள் சொன்னது காதில் கேட்டது.

"நின்னா நிக்கட்டும்" என்று வாய்விட்டே சொன்னார். "நின்ன இடத்துலேர்ந்து நடந்து போறேன்." கியரை மாற்றி, நேராக ஏற்றினார்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியதும், இடது கைப்பக்கம், ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது.

காரை உள்ளே விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பங்க்காரர் மூடியைத் திறந்து பைப்பை வைத்த மாத்திரத்தில் பெட்ரோல் வெளியே வழிந்தது. "என்ன சார், ஃபுல்லா வச்சுக்கிட்டு வந்து நிக்கறீங்க?"

"இந்த பங்க் எப்ப வந்துச்சு?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கு சார்."

சர்வேயர் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஒரு மேடு. ஒரே ஒரு மேடு தாண்டியிருந்தால், எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். தம்பிக்குப் போன் போட்டார். அவன் எடுத்தவுடனேயே, "வயரைக் கொடுக்கல மாமா" என்றான். "முள்ளு வேலை செஞ்சா நீங்க திரும்பி வந்துருவீங்க."

"வேலை செய்யலன்னாலும் திரும்பப் பாத்தேன்டா."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"மேட்டுக்கு இந்தப் பக்கம்."

"போங்க மாமா" என்றான் தம்பி. அக்கா போன பிறகு அவன் அவரிடம் கனிவாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மதியம் தாண்டித்தான் தையல் கடை இருந்த தெருவைக் கண்டுபிடித்தார். விடுமுறை நாள், ஆனால் கதவு பாதி திறந்திருந்தது. மிஷின் சத்தம் கேட்டது. கார் சத்தம் கேட்டு அது நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு அவள் வாசலுக்கு வந்தாள். முன்தலை நரைத்திருந்தது. அவளை அவ்வளவு ஆசையோடு அவர் இதற்குமுன் பார்த்ததே இல்லை.

"வந்துட்டேன்" என்றார்.

அவள் காரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் கடைச் சாவி இருந்தது. "நேத்தே வாங்கிட்டேன். நீங்க வருவீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

அவருக்குக் கோபம் வரவில்லை. வர என்ன நியாயம் இருக்கிறது? அவள் மெல்ல நடந்து வந்து, குனிந்து, கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். அவள் கண்ணும் போய் நின்றது அந்த முள்ளில்தான்.

"படுத்துக் கிடக்கே. திரும்பிப் போக பெட்ரோல் இருக்கா?"

சர்வேயர் யோசித்துப் பார்த்தார். மேட்டைத் தாண்டிய பிறகு வழியெல்லாம் அந்தக் கணக்கே தன் நினைப்பில் வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"திரும்புற கணக்கு போடல" என்றார். "நிலம் இந்த ஊர்லயும் இருக்கும்ல? அளந்துக்கறேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். பிறகு, "அந்த மேட்டுக்கு அப்பால என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை.

"பெட்ரோல் பங்க்."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள். வந்து, பழைய பழக்கத்தில் உடம்பைக் குறுக்கி, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நேராப் போங்க" என்றாள். "இந்தத் தெரு எங்க போய் முடியுதுன்னு நானும் இன்னும் பாக்கல."